பீரோவுக்குப் பின்னால் இருந்த சுவர்

1

என் வீட்டுக்காரர் தேவராஜ் காலமாகி ஒரு வருஷம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே ஜெபம் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் சபை ஐயர் சொல்லிவிட்டார். ஐயர் வந்தால் சபையிலிருந்து பதினைந்து இருபது பேர் வருவார்கள். பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் வீட்டைத் தங்கவயல்காரர்களான உங்களில் சிலர் பார்த்திருக்கிறீர்கள். முன்னறை, உள்ளறை, நடுவில் ஒரு ஆள் நின்று சமைக்க இடம். முன்னறையில் பத்துப் பேருக்கு மேல் உட்கார முடியாது. உள்ளறையில் அவர் படுத்திருந்த கட்டிலை வெளியே போட்டுவிட்டுப் பாய் விரிக்க வேண்டும். வருகிறவர்கள் கண்ணுக்கு அறை அழுக்காகத் தெரியக் கூடாது என்று பெயிண்ட் அடிக்க நசீர் பாயைக் கூப்பிட்டேன்.

நசீர் பாய் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறவர். ஐம்பது வயது இருக்கும். அவரும் என் வீட்டுக்காரரும் ஒரே கடையில் டீ குடித்தவர்கள். புதன்கிழமை காலையில் டப்பாவும் பிரஷ்ஷுமாக வந்தார். பீரோவை நகர்த்த வேண்டும் என்றார். வேண்டாம், சுற்றி அடித்தால் போதும் என்றேன்.

"பின்னால அடிக்காம விட்டா என் பேரு கெட்டுடும்மா. நீங்க நகருங்கோ" என்று சொல்லிவிட்டு அவரே தோளைக் கொடுத்துத் தள்ளினார்.

பீரோவுக்குப் பின்னால் ஒரு கறை இருந்தது எனக்குத் தெரியும். தோசைக்கல் அளவுக்கு இருந்தபோது நான் பார்த்தது. இப்போது தரையிலிருந்து என் தோள் உயரம் வரை சுவர் முழுக்கக் கறுப்பு. அடிப்பிடித்த சட்டியை உள்ளே பார்த்த மாதிரி. ஓரத்தில் பச்சை. நடுவில் பூனை முடி மாதிரி மெல்லிசாகப் பூத்திருந்தது. பீரோவின் முதுகுத் தகடு துருப்பிடித்துப் பொத்தலாகி இருந்தது. பாய் தோள் துண்டை எடுத்து மூக்கைக் கட்டிக்கொண்டார். என்னையும் முந்தானையால் மூக்கை மூடச் சொன்னார்.

"இங்க யாரும்மா படுக்கிறது?"

"இப்போ யாரும் இல்ல பாய்."

"முன்னே?"

கட்டில் அங்கேயே கிடந்தது. அதன் தலைமாட்டுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். பாய் கட்டிலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தலையைக் குனிந்து பிரஷ்ஷைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, இரண்டு வழி இருக்கிறது என்று சொன்னார். மேலோடு சுரண்டி, பட்டி போட்டு, இரண்டு கோட்டிங் அடித்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் ஆறு மாசத்தில் மறுபடியும் வரும். சரியாகச் செய்ய வேண்டும் என்றால் பூச்சை உரித்துச் செங்கல் தெரிய விட்டு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அடைத்து, சுவரைக் காயவிட வேண்டும். அதற்கு மாசக்கணக்கில் ஆகும். அதுவரை யார் வந்தாலும் சுவர் அப்படித்தான் தெரியும்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு இருந்தது ஒரே யோசனைதான். ஞாயிற்றுக்கிழமை என் மகள் மெர்சி வருவாள். இந்தச் சுவரை அவள் பார்க்கக் கூடாது.

2

தங்கவயலில் நம் லைன் வீடுகளுக்குப் பின்னால், சுரங்கத்தில் தங்கம் பிரித்துவிட்டுக் கொட்டின சயனைடு மண் மேடு இருந்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்று அடிக்கிற மாசங்களில் அந்த வெள்ளை மண் எழும்பி வந்து சோற்றில் விழும், தொட்டிலில் விழும், உலர்த்திய புடவை மாவில் புரட்டின மாதிரி ஆகும். குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி அங்கே வந்த முதல் வருஷம் நான் கற்றுக்கொண்ட வேலை சமையல் இல்லை, வீட்டை அடைப்பதுதான். கதவுக்கு அடியில் ஈரச் சாக்கு. ஜன்னல் சந்தில் துணிக் கிழிசல். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் பேப்பரைச் சுருட்டிச் செருக வேண்டும். நம் லைனில் எந்த வீட்டில் மண் குறைவோ அந்த வீட்டுக்காரி கெட்டிக்காரி. என் வீட்டில் விரலால் தடவிப் பார்த்தாலும் மண் ஒட்டாது. என் மாமியாரே அதைச் சொன்னார்கள், அவர்கள் வாயிலிருந்து வேறு நல்ல வார்த்தை எனக்கு வந்ததில்லை.

என் வீட்டுக்காரர் இருபத்தெட்டு வருஷம் பூமிக்கு அடியில் வேலை செய்தார். சுரங்கம் மூடினபோது அவர் நெஞ்சில் ஏற்கெனவே தூசி இறங்கியிருந்தது. மாடி ஏறினால் இரைக்கும். மெர்சிக்குப் பெங்களூரில் வேலை கிடைத்ததும் மூன்று பேரும் வந்துவிட்டோம். அவர் தொம்மலூரில் ஒரு ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். நான் இரண்டு வீட்டில் சமைத்தேன்.

இங்கே வந்த அன்றைக்கே உள்ளறையை நான்தான் அவருக்கென்று ஒதுக்கினேன். ஒரு ஜன்னல், மேலே ஒரு வெண்டிலேட்டர். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடம், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. வெயில் அங்கே வந்ததே இல்லை. பெங்களூர்க் குளிர் அவர் நெஞ்சுக்கு ஆகாது என்று ஜன்னலைச் சாத்தினேன். வெண்டிலேட்டரில் அவருடைய பழைய சுரங்கச் சட்டையைக் கிழித்து, சுருட்டி, கரண்டிக் காம்பால் குத்திக் குத்திச் செருகினேன். ஒரு ஊசி நுழையாது. அன்றைக்கு அவர் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமே, இங்க மேடு கூட இல்ல. யாருக்கு அடைக்கிற?"

தூசி எங்கேயும் இருக்கும் என்றேன். அப்படித்தான் நினைத்திருந்தேன். நெஞ்சுக்கு எதிரி என்றால் தூசி ஒன்றுதான் எனக்குத் தெரியும். நான் பிறந்த ஊரும் வாழ்ந்த ஊரும் காய்ந்த ஊர். சுவர் தண்ணீர் குடிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

3

கடைசி மூன்று வருஷம் அவர் வேலைக்குப் போகவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தெருவே சொல்லும். நானும் சொல்லிக்கொண்டேன். அதை இப்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன், ஏன் என்று பிறகு தெரியும்.

காலையும் மாலையும் ஆவி பிடிக்க வைப்பேன். நொச்சி இலை போட்டு, அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்கவைத்து, அந்த அறையிலேயே கொண்டுவந்து வைப்பேன். போர்வையை எடுத்த பிறகும் அண்டா அங்கேயே ஆறிக்கொண்டிருக்கும். ஆவி வீணாகப் போக வேண்டாம், அறை கதகதப்பாக இருக்கட்டும் என்று விட்டுவைப்பேன்.

தினமும் அவர் படுக்கை விரிப்பைத் துவைப்பேன். மழை மாசத்தில் மொட்டை மாடியில் போட முடியாது. அறைக்குள்ளேயே கட்டிலுக்கு மேல் இரண்டு கொடி கட்டி உலர்த்தினேன். ஈரத் துணிக்கு அடியில் அவர் படுத்திருப்பார்.

பீரோவைச் சுவரோடு ஒட்டித் தள்ளினது அவருக்காகத்தான். அந்தப் பக்கத்துச் சுவர் கையை வைத்தால் ஜில்லென்று இருந்தது. குளிர் அவர் தலைக்கு அடிக்காமல் பீரோ தடுக்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தத் தோசைக்கல் கறையைப் பார்த்தேன். பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தது. நகத்தால் கீறினால் உப்பு மாதிரி வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். ஈரமான சுவரை ஈரத் துணியால் துடைத்தவள் நான். பிறகு பீரோவால் மறைத்துவிட்டேன். மறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டுக்கார அம்மா ஜயம்மா மாடியிலிருந்து இறங்கி வருகிறவள். அவள் கண்ணில் பட்டால், நீங்கள் வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிடுவாள். என்னை யாரும் அந்த வார்த்தை சொன்னதில்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நானே சுண்ணாம்பு கரைத்து, தெரிகிற இடத்தில் எல்லாம் ஒரு கை அடித்துவிடுவேன். சுவர் இரண்டு மாசம் வெள்ளையாக இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் அவர் படுத்தபடியே சொன்னார்:

"ஏதோ வாசனை வருதே மே. கேஜ்ல கீழ எறங்கினா வருமே, அந்த வாசனை."

கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டு. வயசாகிவிட்டது, பழைய நினைப்பில் உளறுகிறார் என்று நினைத்தேன். சாம்பிராணி போட்டேன். ஜன்னலைத் திறக்கவில்லை. அவருக்கு நினைவு தெளிவாகத்தான் இருந்தது. பூமிக்கு அடியில் சுவர் வியர்த்து வருகிற அந்த வாசனையை இருபத்தெட்டு வருஷம் மூச்சில் இழுத்த மனுஷன். அவருக்கு அடையாளம் தெரியாதா?

4

நெஞ்சு டாக்டர் சின்ன வயசுப் பெண். கன்னடத்தில் கேட்பாள், மெர்சி எனக்குத் தமிழில் சொல்வாள். எனக்குக் கன்னடம் புரியும் என்பது மெர்சிக்கும் தெரியும், இருந்தாலும் ஆஸ்பத்திரியில் அவள் அப்படித்தான் செய்வாள். ஒரு தடவை டாக்டர் கேட்டாள், வீட்டில் ஈரம் இருக்கிறதா, சுவரில் பூசணம் பூத்திருக்கிறதா என்று. மெர்சி சொல்வதற்கு முன்னால் நானே கன்னடத்தில் பதில் சொன்னேன். எங்கள் வீடு சுத்தமான வீடு, தினமும் இரண்டு வேளை பெருக்கித் துடைக்கிறேன் என்று.

டாக்டர் கேட்டது வேறு. நான் பதில் சொன்னது வேறு. சுவரைக் கேட்டாள், நான் என்னைக் கேட்டதாக எடுத்துக்கொண்டேன். மெர்சி திரும்பி என்னைப் பார்த்தாள். டாக்டர் எழுதிக்கொண்டாள்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஆட்டோவில் மெர்சி ஆரம்பித்தாள். அவள் கல்யாணமாகி ஒயிட்ஃபீல்டு பக்கம் எட்டாவது மாடியில் இருக்கிறாள். மருமகன் மங்களூர்ப் பக்கத்துப் பிள்ளை, குறை சொல்ல முடியாது. அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன், காற்று வருகிறது, வெயில் வருகிறது, நீயும் வா என்றாள். மகள் வீட்டில் போய்க் கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை என்று சொல்லிவிட்டேன். ஆட்டோக்காரனுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவர் எங்கள் நடுவில்தான் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் கழித்து நான் கஞ்சி ஊட்டும்போது கேட்டார்.

"எட்டாவது மாடில காலைலயே வெயில் வருமாமே மே?"

"வெயிலு வேணும்னா சொல்லுங்க, வாசல்ல நாற்காலி போடறேன்" என்றேன்.

மறுபடியும் அவர் கேட்கவில்லை. நாற்காலியும் நான் போடவில்லை, மழை பிடித்துக்கொண்டது. ஆகஸ்டு மாசம் ஒரு விடியற்காலை மூச்சு நின்றது.

5

அவர் பேரில் இருந்த காகிதங்களை என் பேருக்கு மாற்ற ஒரு ஆபீசுக்குப் பல நாள் நடந்தோம். முதல் நாள் ஜன்னலில் இருந்தவர் என் விரலைப் பிடித்து மையில் வைக்கப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டேன். மூன்றாம் வகுப்புதான், ஆனால் என் பேரை எழுதத் தெரியும். எழுத்துக் கூட்டி வேதம் படிக்கிறவள். மெதுவாகத் தமிழில் கையெழுத்துப் போட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். ஜன்னலில் இருந்தவர் காகிதத்தைப் பார்த்து, எந்த ஊர், தமிழ்நாடா என்று கேட்டார். தங்கவயல் என்றேன். அது நம் கர்நாடகம்தானே, அப்படியானால் இது என்ன கையெழுத்து என்றார். ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த மாநிலத்துத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன். இன்னும் எந்த ஊர் என்றுதான் கேட்கிறார்கள். குடியாத்தம் போனால் அங்கேயும் கேட்கிறார்கள்.

அந்தப் படிவத்தில் இறந்த காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. மெர்சிதான் நிரப்பினாள். மற்றக் கட்டங்களை மடமடவென்று எழுதினவள் அங்கே வந்ததும் பேனாவைத் தூக்கிவிட்டாள். ரொம்ப நேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். என்ன எழுதினாய் என்றேன். நெஞ்சு என்று எழுதினேன் என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வருவது குறைந்துபோனது. மாசத்துக்கு ஒரு முறை வருவாள். முன்னறையில் நின்றபடியே காபி குடிப்பாள். உள்ளறைக்குப் போக மாட்டாள். ராத்திரி தங்கு என்றால் ஆபீஸ் இருக்கிறது என்பாள். போனிலும் நடந்துகொண்டே பேசுவாள், பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். எட்டாவது மாடிக்குப் போனதும் கீழ்வீடு நாறுகிறது போல என்று ஒரு தடவை கேட்டே விட்டேன். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

6

இனி அந்தப் புதன்கிழமைக்கு வருகிறேன். பாய் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். பட்டி போட்டு மூடிவிடலாமா, உரித்துவிடலாமா என்று கேட்டார்.

மூடிவிடுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த நேரம் கட்டில் கண்ணில் பட்டது. தலையணை வைக்கிற இடத்தில் நார்ப் பட்டை குழிந்திருந்தது. மூன்று வருஷம் அந்தக் குழியில் தலை வைத்துத்தான் அவர் மூச்சு வாங்கினார். இந்தச் சுவரை நான் மறைத்து மறைத்துத்தான் இவ்வளவு ஆனது. இன்னொரு தடவை மறைத்துவிட்டு அதற்கு முன்னால் ஐயரை உட்காரவைத்து ஜெபம் பண்ணச் சொல்வதா?

"உரிச்சிடுங்க பாய்."

"ஞாயித்துக்கிழமை ஜனங்க வருவாங்களே அம்மா."

"வரட்டும்."

பாய் முதலில் என்னை வெண்டிலேட்டரைத் திறக்கச் சொன்னார். ஸ்டூல் மேல் ஏறி நானே இழுத்தேன். சட்டைத் துணி சுலபத்தில் வரவில்லை. வந்தபோது வெளிப்பக்கம் காய்ந்து விறைத்திருந்தது. உள்பக்கம், அவர் இருந்த பக்கம், கறுத்து நசநசவென்று இருந்தது. காற்று ஒரே வீச்சாக உள்ளே வந்தது. என் காதோரம் பட்டது. அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டூல் மேலேயே நின்றேன். பாய்தான் கையைப் பிடித்து இறக்கினார்.

பூச்சை உரித்ததும் தண்ணீர் வந்த வழி தெரிந்தது. மாடிக் குளியலறைக் குழாய் சந்துப் பக்கத்தில் இறங்குகிறது, அதில் ஒரு இணைப்பு விரிந்து, சொட்டுச் சொட்டாகச் சுவருக்குள்ளேயே வடிந்திருக்கிறது. ஜயம்மாவைக் கூப்பிட்டேன். பெங்களூரில் யார் வீட்டில்தான் ஈரம் இல்லை, மழைக்கு வரும் வெயிலுக்குப் போகும் என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தாள். சுவரைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டுப் பக்கத்தில் போனாள். கையை வைத்துப் பார்த்தாள். கட்டிலையும் பார்த்தாள். மறுநாள் காலையிலேயே குழாய்க்காரர் வந்துவிட்டார்.

அன்றைக்கு மாடிக்குப் போகும்போது ஜயம்மா கேட்டது ஒன்றுதான். "யாக்கம்மா, இஷ்டு வருஷ ஒரு வார்த்தை சொல்லலியே?"

இத்தனை வருஷம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. குறை சொல்லிக்கொண்டு குடியிருக்கிறவள் என்று பேர் வாங்க மாட்டேன் என்று இருந்தேன். பேர் கெடவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

7

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் செங்கல் தெரிகிற சுவரைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, நம் ஜனங்கள் சாவு வீட்டில் மரியாதை தெரிந்தவர்கள். ஐயர் ஜெபம் பண்ணினார். கேசரியும் காபியும் கொடுத்தேன். மெர்சி முன்னறையிலேயே கதவோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு பாயைச் சுருட்ட உள்ளே வந்தவள் சுவரைப் பார்த்து அப்படியே நின்றாள்.

சொல்லிவிட வேண்டும் என்று மூன்று நாளாக மனசுக்குள் கோர்த்து வைத்திருந்தேன். கோர்த்தது எல்லாம் சிதறிவிட்டது.

"பீரோ பின்னால இருந்துச்சு. முழுசும் கறுப்பு. உங்கப்பா தலைமாட்டுல. நான்தான் மறைச்சு வெச்சேன். அந்த டாக்டரு கேட்டப்போ கூட..."

"தெரியும்மா."

"இன்னா தெரியும்?"

"அப்பாவ வெளிய எடுக்கிறதுக்குப் பீரோவ நகத்துனாங்க. நீ முன்னறைல இருந்த. நான் பார்த்தேன்." அவள் சுவரைப் பார்த்தே பேசினாள். "எல்லாரும் வெளிய போனதும் நான்தான் திரும்பத் தள்ளி வெச்சேன்."

"எதுக்குடி?"

"நீ பார்க்கக் கூடாதுன்னு."

பாயில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பீரோ இரும்பு. நசீர் பாய் மாதிரி ஆளே தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அப்பன் பிணம் வாசலில் கிடக்க, என் மகள் தனியாக அதைத் தள்ளியிருக்கிறாள். ஒரு வருஷமாக அதை மனசில் வைத்துக்கொண்டுதான் காபியை நின்றபடி குடித்திருக்கிறாள். நான் அவளுக்கு எட்டாவது மாடித் திமிர் என்று நினைத்தேன்.

"இங்க வந்தா உக்கார முடியலம்மா. அந்த பீரோவையே பார்த்துட்டு இருக்கணும். சொல்லவும் முடியல."

"என்னாலதானே போனாரு?"

அவள் இல்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவசரப்படவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் நெஞ்சு சுரங்கத்திலேயே போய்விட்டது, அது எந்த வீட்டில் இருந்தாலும் திரும்பியிருக்காது என்று, அவர் போன பிறகு அவள் தனியாகப் போய்க் கேட்டபோது டாக்டர் சொன்னதாகச் சொன்னாள். ஈரம் இல்லாமல் இருந்திருந்தால் கொஞ்ச நாள் கூட இருந்திருக்கலாம், கொஞ்சம் இரைப்பு குறைந்திருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னாளாம். இரண்டையும் சொன்னாள். என் மகள் பொய் சொல்லாதவள். அவளை அப்படி வளர்த்தவர் அவர்.

எவ்வளவு நாள் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது பழைய கேள்வியைக் கேட்டாள். இப்போதாவது வருகிறாயா என்று. நான் சுவரைப் பார்த்தேன்.

"இது காயட்டும். காயாம விட்டுட்டு வர முடியாது" என்றேன்.

8

சுவர் காய்ந்ததா என்று பார்க்க நசீர் பாய் ஒரு வழி சொன்னார். ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை எடுத்து நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் உள்பக்கத்தில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் சுவருக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். செப்டம்பர் முழுக்க முத்து நின்றது. அக்டோபரில் மழை விடவில்லை, அப்போதும் நின்றது. நான் பொறுத்திருந்தேன். பீரோவை எதிர்ச் சுவரில் நாலு விரல் தள்ளி வைத்தேன். கொடியை அவிழ்த்து மாடிக்குக் கொண்டுபோனேன். சோறு வடிக்கும்போது சமையல் ஜன்னலைத் திறந்துவைக்கிறேன். விடிந்து வெளிச்சம் வந்ததும் உள்ளறை ஜன்னலைத் திறந்துவிடுவேன். சால்வையைச் சுற்றிக்கொண்டு அந்தக் குளிரில் உட்கார்ந்திருப்பேன். அவர் இருந்தபோது திறக்காத ஜன்னல். இப்போது அதன் வழியாகச் சந்தில் போகிற பூனை தெரிகிறது, எதிர்க் கட்டடத்துக் குழாய் தெரிகிறது. பார்க்க வேறு ஒன்றும் இல்லை. ஆனால் காற்று வருகிறது.

தங்கவயலில் இருந்து நம் பிள்ளைகள் ரயிலேறி இங்கே வேலைக்கு வருகிறார்கள். ஒரு நாள் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து இப்படி ஒரு கீழ்வீட்டில் வைப்பார்கள். நெஞ்சு போன மனுஷர்கள் நம் லைனில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் பெண்சாதிகள் வீட்டை அடைப்பதில் என்னைவிடக் கெட்டிக்காரிகள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இவ்வளவையும் வெட்கத்தை விட்டு எழுதினேன். மூன்று வாரமாக எழுதுகிறேன். சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். கறை தெரிந்தால் மறைக்காதீர்கள். மூடின அறையில் ஆவி வைக்காதீர்கள். யாராவது ஈரம் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இன்று காலை பிளாஸ்டிக் தாளை உரித்தேன். உள்பக்கம் ஒரு துளி இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், புடவையில் துடைத்துப் பார்த்தேன். இல்லை. சுவரில் உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல் விட்ட நெற்றி மாதிரி இருந்தது. கையை எடுக்க மனசில்லாமல் நின்றேன்.

பிறகு மெர்சிக்குப் போன் போட்டேன். அவள் ஆபீஸ் போகும் வழியில் இருந்தாள்.

"காஞ்சிடுச்சு" என்றேன்.

அவள் நடையை நிறுத்தினது எனக்குக் கேட்டது. நான்தான் பேசினேன்.

"உங்க வீட்ல வெயில் எப்போ வரும்?"

"ஏழரைக்கே வந்துடும்மா. பால்கனில."

"அங்க ஒரு நாற்காலி போட்டு வை" என்றேன்.